33 வாரத்தில் நீர்க் கசிவு: பனிக்குடநீரில் ஐ.எல்-6 பார்க்கச் சொல்லலாமா?

வில்லிவாக்கம் கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு 33 வாரம். செவ்வாய் ராத்திரி படுக்கையெல்லாம் ஈரம். சிறுநீராக இருக்கும் என்று நினைத்து சும்மா இருந்திருக்கிறாள். காலையிலும் நிற்கவில்லை. அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, "சூட்டு வலின்னா அடங்கிடும்" என்றார். வலியே இல்லை, தண்ணீர்தான் போகிறது என்று அவள் சொன்ன பிறகு அட்மிட் செய்தோம். பனிக்குடம் உடைந்திருப்பது உறுதி என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போதைய நிலவரம்: காய்ச்சல் இல்லை. குழந்தையின் இதயத் துடிப்பு 140 பக்கம். ஏ.எஃப்.ஐ. (ஸ்கேனில் பார்க்கும் பனிக்குடநீர் அளவு) 6. குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்று, ஆன்டிபயாடிக் ஓடுகிறது. சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) பெரிதாக ஏறவில்லை. ஆனால் வெள்ளை அணு சேர்ந்த அன்று 11,000, இன்று 15,800. இந்த ஒரு எண்ணைப் பார்த்து வீடே கதிகலங்கிப் போயிருக்கிறது.

பெரியப்பா மகன் பாஸ்டனில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறார். "ரத்தத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்? பனிக்குடநீரை எடுத்து ஐ.எல்-6 பார்க்கச் சொல்" என்று போனில் பிடிவாதம் பிடிக்கிறார். உள்ளே அழற்சி இருந்தால் காட்டிக்கொடுக்கும் புரதமாம். டாக்டரிடம் கேட்டால் "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சென்னையில் யாருக்காவது இதைச் செய்திருக்கிறார்களா? கேட்டு வற்புறுத்தலாமா, வேண்டாமா?

ராயபுரம் சிஸ்டர்

தம்பி, முதலில் அந்த 15,800-ஐ ஓரமாக வையுங்கள். ஸ்டீராய்டு போட்டால் வெள்ளை அணு ஏறத்தான் செய்யும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அணுக்கள் கழன்று ஓட்டத்தில் கலந்துவிடும், எண்ணிக்கை கூடும். கர்ப்பிணிகளுக்கு ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு போட்ட பிறகு வரும் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழாத குடும்பத்தை வார்டில் பார்ப்பதே அபூர்வம்.

நாங்கள் கவனிப்பது வேறு. காய்ச்சல், தாயின் நாடி, குழந்தையின் துடிப்பு 160-க்கு மேல் போய் அங்கேயே நிற்கிறதா, வயிற்றைத் தொட்டால் வலிக்கிறதா, நீரில் நாற்றம் வருகிறதா, நிறம் மாறுகிறதா. பேடைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் ரவுண்ட்ஸ் வரும்போது காட்டச் சொல்லுங்கள். பிரசவ வலி வராதவரை கையால் உள் பரிசோதனை செய்வதை எவ்வளவு தவிர்க்கிறார்களோ அவ்வளவு நல்லது.

அம்மாவைத் திட்டாதீர்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வலிக்குச் சீரகத் தண்ணீர் குடித்துப் பார்ப்பது ஒரு பக்கம். தண்ணீர் போனால் அடுப்பைப் பற்றவைக்காமல் ஆட்டோவைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பயோகெம் ரகு

பாஸ்டன் அண்ணன் சொன்னது முழுக்கத் தப்பில்லை. பாதி சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.எல்-6 என்பது இன்டர்லூகின்-6. கொரோனா சமயத்தில் எல்லா லேப் ரிப்போர்ட்டிலும் ஓடிய அதே பெயர்தான். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அணுக்கள் இதைச் சுரக்கும். பனிக்குடத்துக்குள் கிருமி புகுந்தாலோ, கிருமி இல்லாமலேயே அழற்சி மூண்டாலோ பனிக்குடநீரில் இது எகிறும். ரத்தத்தில் அதே வேகத்தில் தெரியும் என்று சொல்ல முடியாது. தாயின் சி.ஆர்.பி. சாதாரணமாக இருக்கும்போதே உள்ளே நீரில் அழற்சி முற்றியிருப்பது உண்டு. அண்ணன் சொல்வது இதைத்தான்.

எங்கே சறுக்கும் என்றால், எண்ணைப் படிப்பதில். ரத்தத்தில் ஐ.எல்-6 சுமார் 7 பிகோகிராமுக்குள் இருந்தால் சாதாரணம் என்று பல லேப்கள் போடும். பனிக்குடநீரில் அழற்சி என்று முடிவுகட்ட ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் எல்லை மில்லிலிட்டருக்கு 2,600 பிகோகிராம். நல்ல கர்ப்பத்திலேயே நீரில் சில நூறு இருக்கும். ரத்தத்துக்கான எல்லையை அச்சடித்த தாளில் பனிக்குடநீரின் 400 என்ற எண் தடித்த எழுத்தில் வந்தால் குடும்பம் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, இந்த 2,600 லேபில் செய்யும் எலைசா என்ற சோதனை முறைக்கு. படுக்கையருகே வைத்தே பார்க்கும் ஸ்ட்ரிப் முறை ஒன்றுக்கு 745 என்று வேறு எல்லை வைத்தார்கள். எந்தக் கருவி என்று தெரியாமல் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஐ.எல்-6 மட்டுமல்ல. எம்.எம்.பி-8 என்ற நொதி இருக்கிறது, 23 நானோகிராமுக்கு மேல் போனால் சந்தேகம். இது வெள்ளை அணுக்களிலிருந்து வருவது, பனிக்குடச் சவ்வின் கொலாஜனை அரிக்கக்கூடியது. பழைய, மலிவான சோதனைகளும் உண்டு: நீரின் குளுக்கோஸ் 14 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கிருமியும் வெள்ளை அணுவும் அதைத் தின்கின்றன என்று அர்த்தம். நீரில் வெள்ளை அணு கன மில்லிமீட்டருக்கு 50-ஐத் தாண்டுவது இன்னொரு அடையாளம். கிருமியை நுண்ணோக்கியில் பார்க்க உதவும் கிராம் சாயம் எந்த லேபிலும் போடலாம். சென்னையில் ஐ.எல்-6 கிட் தேடி அலைவதற்கு முன் இவை எல்லாம் இருக்கின்றன.

மடிப்பாக்கம் மாலதி

ரகு சார், இதெல்லாம் பார்க்க வயிற்றில் ஊசி போட்டுத்தானே நீர் எடுக்க வேண்டும்? கீழே கசிகிற நீரைப் பிடித்துப் பார்த்தால் ஆகாதா?

பயோகெம் ரகு

ஊசிதான் மேடம். கீழே கசிவது யோனி வழியாக வருவதால் அங்குள்ள கிருமியும் புரதமும் கலந்துவிடும், நம்ப முடியாது. அந்த நீரிலேயே பார்க்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை. கசிவு நீரில் இப்போது பார்ப்பதெல்லாம் அது பனிக்குடநீர்தானா, சிறுநீரா என்பதை மட்டும்.

ஓ.ஜி. புரசைவாக்கம்

கார்த்தி, உங்கள் டாக்டர் ஒரே வரியில் சொன்னதை நான் நான்கு வரியில் சொல்கிறேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எந்தச் சோதனைக்கும் ஒரே கேள்வி: ரிசல்ட் வந்த பிறகு என்ன மாற்றப் போகிறோம்? 33 வாரம், காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஐ.எல்-6 குறைவாக வந்தால் காத்திருப்போம். இப்போதும் காத்திருக்கத்தான் போகிறோம். அதிகமாக வந்தால்? அறிகுறி ஒன்றுமே இல்லாமல் அந்த ஒரு எண்ணுக்காக 33 வாரக் குழந்தையை வெளியே எடுத்தால் குழந்தைக்கு நன்மை என்று காட்டும் நல்ல ஒப்பீட்டு ஆய்வு இல்லை. சீக்கிரம் எடுத்தால் மூச்சுத்திணறலும் இன்குபேட்டரும் மட்டும் நிச்சயம். அதோடு ஏ.எஃப்.ஐ. 6 என்றால் ஊசிக்கு இடம் தேட வேண்டும், தொப்புள்கொடியும் குறுக்கே கிடக்கும். முடியாது என்றில்லை, சும்மா ஆர்வத்துக்காகச் செய்வதில்லை.

2016-ல் வெளிவந்த பிபிராம்ட் ஆய்வைச் சொல்ல வேண்டும். 34 முதல் 37 வாரத்துக்குள் பனிக்குடம் உடைந்து, தொற்று அறிகுறி இல்லாத பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள்: உடனே பிரசவம், அல்லது கண்காணித்துக் காத்திருத்தல். குழந்தைக்குத் தொற்று வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகம். காத்திருந்த தாய்மார்களுக்கு ரத்தப்போக்கும் காய்ச்சலும் சற்று அதிகம். உங்கள் தங்கை 34-ஐத் தொடும்போது டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம் இதுதான். அதை இப்போதே கேட்டு வையுங்கள்.

24, 26 வாரத்தில் இதே கசிவு என்றால் என் பதில் மாறும். அங்கே ஒவ்வொரு நாளும் தங்கம். உள்ளே கிருமி இருக்கிறதா என்று தெரிந்தால் முடிவு மாறலாம். நீரை எடுத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

பயோகெம் ரகு

டாக்டர், மரியாதையோடு ஒரு மறுப்பு. "ரிசல்ட்டால் ஒன்றும் மாறாது" என்பதை ஒத்துக்கொள்ள மனமில்லை. சியோலில் ஒரு குழு நீரைச் சோதித்து, செஃப்ட்ரையாக்சோன், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, சிலருக்கு உள் அழற்சி அடங்கியதை மறுபடி நீர் எடுத்தே காட்டியிருக்கிறார்கள். பனிக்குடத்தில் அழற்சி மூண்டால் முடிந்தது கதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

இங்கே வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் வகை எல்லாம் யூரியாப்ளாஸ்மாவைத் தொடக்கூடச் செய்யாது. பனிக்குடத்துக்குள் அதிகம் பிடிபடும் கிருமியே அதுதான். அதற்குச் செல்சுவரே கிடையாது. பென்சிலின் வகை தாக்குவதே செல்சுவரைத்தான். கிராம் சாயத்திலும் தெரியாது, சாதாரண கல்ச்சரில் வளராது. "நோ குரோத்" என்று ரிப்போர்ட் வந்தால் அதில் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

ஓ.ஜி. புரசைவாக்கம்

யூரியாப்ளாஸ்மா பற்றிச் சொன்னது சரி. அதனால்தான் எரித்ரோமைசின் அல்லது அசித்ரோமைசின் சேர்க்கிறோம். கார்த்தி, மருந்துச் சீட்டில் இரண்டில் ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

சியோல் வேலையை மதிக்கிறேன். ஆனால் அது குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. ஆன்டிபயாடிக்கில் நாங்கள் சூடுபட்டவர்கள். 2001-ல் ஆரக்கிள் ஆய்வுகள் வந்தன. பனிக்குடம் உடைந்தவர்களுக்கு எரித்ரோமைசின் உதவியது. கோ-அமாக்ஸிகிளாவ் கொடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் அதிகம் வந்தது. அதைவிட மோசம் இன்னொன்று. பனிக்குடம் உடையாமல் வலி மட்டும் வந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் அப்போது பலன் ஒன்றும் தெரியவில்லை. ஏழு வருடம் கழித்து 2008-ல் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் விசாரித்து வெளியிட்டதில், மருந்து பெற்றவர்களின் பிள்ளைகளிடம் மூளை முடக்குவாதம் கூடுதல். எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கத்துக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இன்னொரு நடைமுறைச் சிக்கல். அழற்சி இருக்கிறது, கிருமி இல்லை என்று வந்தால்? தொற்றில்லா அழற்சி என்று ராபர்ட்டோ ரொமேரோவின் டெட்ராய்ட் குழு நிறைய எழுதியிருக்கிறது. அடிபட்ட அணுக்கள் விடும் அபாயச் சமிக்ஞைகளே அழற்சியைக் கிளப்பிவிடும் என்கிறார்கள். அதற்கு ஆன்டிபயாடிக் எதைக் கொல்லப் போகிறது?

அனு 36 வாரம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கசிவெல்லாம் இல்லை, அடுத்த வாரம் சீமந்தம். இதைப் படித்துப் படித்து பயம் வந்துவிட்டது. சாதாரணமாகவே அந்த நீரில் நோய் எதிர்ப்புச் சமாச்சாரம் இருக்குமா? குழந்தை அதைக் குடிக்கிறது என்று வேறு சொல்கிறார்கள்.

கிண்டி பயோடெக்

இருக்கும், நல்லதுக்குத்தான் இருக்கிறது. நான் எம்.எஸ்சி. மாணவன், இதை செமினாராக எடுத்திருந்தேன்.

பனிக்குடநீர் 34 வாரம் பக்கம் 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை ஏறி, பிறகு குறையும். பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர், கொஞ்சம் நுரையீரலிலிருந்து வருவது. கடைசி வாரங்களில் குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் விழுங்குகிறது. அதாவது திரும்பத் திரும்ப அதே நீர்தான் குடலைக் கழுவிக்கொண்டு ஓடுகிறது. அதில் லைசோசைம், லாக்டோஃபெரின், டிஃபென்சின், எல்.எல்-37 போன்ற கிருமி எதிர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. லாக்டோஃபெரின் கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றில் லைசோசைமும் லாக்டோஃபெரினும் சீம்பாலிலும் உண்டு. வெளியே வந்த குழந்தைக்கு அடுத்த வேளை அங்கிருந்து வருகிறது.

தாயின் எதிர்ப்புப்புரதமான ஐ.ஜி.ஜி. போவது வேறு வழி. அது நஞ்சுக்கொடி வழியாக நேரே குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது, பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். முழு மாதக் குழந்தையின் ரத்தத்தில் அது தாயைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். குறைமாதக் குழந்தைக்குத் தொற்று சீக்கிரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வாங்க வேண்டியதை வாங்கி முடிப்பதற்குள் பிறந்துவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் டி.டி. (ரணஜன்னித் தடுப்பு) ஊசியின் பலன் குழந்தைக்குச் சேர்வதும் இந்த வழியில்தான்.

பிறந்த குழந்தையின் உடம்பில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்குமே வெள்ளைப் பசை, அதிலும் இந்தக் கிருமி எதிர்ப்புப் பொருட்கள் உண்டு.

அனு 36 வாரம்

ஐயோ, அதைத்தான் மாமியார் பயத்தமாவு போட்டுத் தேய்த்து எடுப்பேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்!

ராயபுரம் சிஸ்டர்

சொல்லிவிடுங்கள் அம்மா, உலக சுகாதார நிறுவனமே 24 மணி நேரம் கழித்துத்தான் குளிப்பாட்டச் சொல்கிறது என்று. பசை தானாக உள்ளே ஊறிவிடும். துடைத்துவிட்டு தாயின் மார்போடு அணைத்துப் போட்டால் குளிரும் தாக்காது. மாமியாரிடம் நேராகச் சண்டைக்குப் போகாமல் வார்டு சிஸ்டரைச் சொல்ல வைத்தால் வேலை சுலபம். நாங்கள் எத்தனை மாமியாரைப் பார்த்திருக்கிறோம்.

ஹெல்த்பேக்கேஜ்_ஆஃபர்

கர்ப்பிணிகளுக்கான இம்யூனிட்டி பேனல்! வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம். ஐ.எல்-6, டி.என்.எஃப்., இன்னும் பல. விவரங்களுக்கு இன்பாக்ஸ்.

பயோகெம் ரகு

மட்டுறுத்துநர் கவனிக்கவும். மற்றவர்களுக்கு: கையில் எடுத்த ரத்தத்தில் இந்தப் பேனலைப் பார்த்து பனிக்குடத்துக்குள் என்ன நடக்கிறது என்று எந்த ஜாம்பவானாலும் சொல்ல முடியாது. அந்தக் காசுக்கு நாலு வாரம் இளநீர் குடிக்கலாம். இளநீரோ வெறும் தண்ணீரோ, தாய் நிறையக் குடித்தால் பனிக்குடநீர் அளவு சற்று ஏறுவதாவது ஆய்வில் தெரிந்திருக்கிறது.

மடிப்பாக்கம் மாலதி

எனக்கு ஒரு சந்தேகம். எல்லோருக்கும் கடைசியில் வலி வரத்தானே போகிறது. அப்போதும் இந்த ஐ.எல்-6 ஏறுமா? ஏறும் என்றால் நோயா இயற்கையா என்று எப்படிப் பிரிப்பது?

கிண்டி பயோடெக்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் அக்கா. ஏறும். கிருமி துளிகூட இல்லாமல், முழு மாதத்தில் தானாக வலி வந்த பெண்களிடமும் பனிக்குடநீரில் ஐ.எல்-6, ஐ.எல்-8 எல்லாம் கூடுகின்றன. பிரசவமே ஒரு விதத்தில் அழற்சிதான். அதே குடும்பத்து ஐ.எல்-1 பீட்டா, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தூண்டும், அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், வாயை மென்மையாக்கும். குழந்தை தயாரானதும் நடக்க வேண்டிய இந்த வேலையை, கிருமி முன்கூட்டியே ஆரம்பித்து வைத்துவிடுவதுதான் பல குறைப்பிரசவங்களின் கதை.

தொடங்கி வைப்பது யார் என்பதற்கு அழகான ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டல்லஸில் கரோல் மெண்டல்சன் குழு 2004-ல் சுண்டெலிகளில் செய்தது. சுண்டெலிக்குக் கர்ப்பம் 19 நாள். 17-ஆம் நாள் வாக்கில் குட்டிகளின் நுரையீரல் முதிர்ந்து எஸ்.பி-ஏ என்ற புரதத்தைப் பனிக்குடநீரில் விடுகிறது. அது அங்குள்ள மேக்ரோஃபேஜ் அணுக்களை (கிருமியை விழுங்கும் எதிர்ப்பு அணுக்கள்) உசுப்பிவிட, அவை கர்ப்பப்பைச் சுவருக்குப் போய் அழற்சியைத் தொடங்குகின்றன. எஸ்.பி-ஏ-வை முன்கூட்டியே ஊசியில் செலுத்தினால் குட்டிகள் முன்கூட்டியே பிறந்தன. மூச்சுவிடத் தயார் என்று குட்டியின் நுரையீரலே சொல்லி அனுப்புகிறது. மனிதர்களில் அதே அணுப் பயணம் அப்படியே நடப்பதாக நிரூபணம் ஆகவில்லை.

அதனால்தான் ஐ.எல்-6 எண்ணோடு இரண்டு கேள்வி சேர்ந்தே வர வேண்டும்: எத்தனையாவது வாரம், வலி தொடங்கிவிட்டதா. வாரக் கணக்கிலேயே இங்கே தகராறு நிறைய. ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஃபரிதாபாத் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியக் கர்ப்பிணிகளின் ஸ்கேன் அளவுகளை வைத்தே கர்பிணி-ஜிஏ2 என்ற கணக்கீட்டு முறையை 2024-ல் வெளியிட்டதும் இதற்குத்தான். வெளிநாட்டுக் குழந்தை அளவை வைத்து நம் குழந்தையின் வாரத்தைக் கணக்கிட்டால் பிசகும்.

ஓ.ஜி. புரசைவாக்கம்

முதல் மூன்று மாத ஸ்கேன் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கார்த்தி, 33 என்பது எந்த ஸ்கேன் கணக்கு?

வில்லிவாக்கம் கார்த்தி

8 வாரத்தில் எடுத்த ஸ்கேன் டாக்டர், அதே கணக்குதான். சீட்டில் அசித்ரோமைசின் இருக்கிறது. இன்று டாக்டரிடம் 34 வாரம் பற்றிக் கேட்டேன். ஐ.எல்-6 பேச்சை எடுக்காததாலோ என்னவோ, உட்கார வைத்துப் பதினைந்து நிமிடம் பேசினார். வெள்ளை அணு 12,400-க்கு இறங்கிவிட்டது. பாஸ்டன் அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பினேன். "அந்த ரகு யார், நம்பர் கொடு" என்கிறார்.

கடைசியாக ஒரு கேள்வி. உள்ளே அழற்சி இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுமா?

ஓ.ஜி. புரசைவாக்கம்

பிரசவத்துக்குப் பிறகு தெரிந்துகொள்ளலாம், ஊசியே வேண்டாம். நஞ்சுக்கொடியைப் பெத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லுங்கள். சவ்வில் வெள்ளை அணு குவிந்திருந்தால் தாயின் உடம்பு எதிர்த்திருக்கிறது. தொப்புள்கொடிக்குள்ளும் குவிந்திருந்தால் குழந்தையின் உடம்பும் எதிர்த்திருக்கிறது. இரண்டாவது வகை என்றால் குழந்தை டாக்டர் இன்னும் உன்னிப்பாகக் கவனிப்பார். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கேட்காவிட்டால் குப்பைக்குப் போய்விடும்.

ராயபுரம் சிஸ்டர்

இப்போதே கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள் தம்பி. ராத்திரி ஷிஃப்டில் பிரசவம் ஆனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஃபார்மலின் ஊற்றிய டப்பாவும் பெத்தாலஜி ஃபார்மும் லேபர் வார்டிலேயே கிடைக்கும். ஃபார்மில் வாரம், நீர் உடைந்த தேதி, ஸ்டீராய்டு போட்டது மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வெறும் "நஞ்சுக்கொடி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. வீட்டில் பெரியவர்கள் நஞ்சுக்கொடியைப் புதைக்க வேண்டும் என்று சொல்பவர்களாக இருந்தால் அதையும் முன்னாடியே பேசி முடித்துவிடுங்கள்.